வலத்தடத்தில் மெதுவாகச் சென்ற கன்டெய்னர் லாரியைக் காரில் இடப்பக்கமாக முந்தினேன்; ஹாரன் அடித்தும் அது என் பக்கம் ஏன் ஒதுங்கி வந்தது?

ஓட்டுநருக்கு உங்கள் கார் தெரிந்தே இருக்காது என்பதுதான் பெரும்பாலும் காரணம். ஆகவே வலத்தடத்தில் மெதுவாகச் செல்லும் கன்டெய்னரை இடப்பக்கமாக முந்துவதை விட்டுவிடுங்கள். நம் லாரிகளில் ஓட்டுநர் வலப்பக்கம், அதுவும் உயரத்தில் அமர்ந்திருப்பதால், இடக்கதவை ஒட்டி வரும் கார் ஜன்னல் விளிம்புக்குக் கீழே முழுதாக மறைந்துவிடுகிறது. இன்ஜின் இரைச்சலில் ஹாரனை மட்டும் நம்ப முடியாது.

அடுத்த முறை பின்னால் வரும்போதே லாரியின் பக்கக் கண்ணாடியைப் பாருங்கள். அதில் ஓட்டுநரின் முகம் உங்களுக்குத் தெரியாவிட்டால், அவருக்கும் நீங்கள் தெரியமாட்டீர்கள். இடைவெளி விட்டு, இரவானால் விளக்கை ஒருமுறை மின்னச் செய்து, அவர் இடத்தடத்துக்கு ஒதுங்கிய பிறகு வலப்பக்கமாகத் தயங்காமல் கடந்துவிடுங்கள். பக்கவாட்டில் சேர்ந்தே ஓடாதீர்கள்.

முகம் தெரிவதாலேயே அவர் உங்களைக் கவனித்துவிட்டார் என்று பொருளல்ல. அவர் தூக்கக் கலக்கத்தில் இருக்கலாம், போனில் பேசிக்கொண்டும் இருக்கலாம்.

லாரியை முந்தும் நேரத்தில் நீங்கள் மேப்பைப் பார்த்ததாகவும் எழுதியிருக்கிறீர்கள்; எனக்கு அதுதான் கூடுதல் கவலை. மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் கார் நொடிக்கு 22 மீட்டர் ஓடுகிறது, மூன்று நொடி திரையைப் பார்த்தால் 66 மீட்டர் தூரம் சாலையைப் பார்க்காமலே ஓட்டியிருப்பீர்கள். புறப்படும் முன்பே வழியைப் போட்டுவிட்டு, குரல் வழிகாட்டலை மட்டும் கேளுங்கள்.