புது பொம்மை அறிவித்த அன்றே ஆர்டர் போட வேண்டுமா?

கேள்வி: சூப்பர் ஹீரோ ஆக்‌ஷன் ஃபிகர்கள் சேர்த்து வருகிறேன். ஆறு அங்குல மார்வெல் லெஜண்ட்ஸ்தான் அதிகம், பேட்மேன், சூப்பர்மேன் போன்ற டிசி பொம்மைகளும் கொஞ்சம் உண்டு. தினமும் ஏதாவது புது அறிவிப்பு வருகிறது. விட்டால் கிடைக்காது என்று பயந்து உடனே ப்ரீ-ஆர்டர் போட்டுவிடுகிறேன். சில மாதம் கழித்து அதே பொம்மை பாதி விலைக்கு வந்துவிடுகிறது. சரி, இதை விட்டுவிடலாம் என்று நான் ஒதுக்கியது மூன்று மடங்கு விலைக்குப் போகிறது. எந்தச் செய்தியை நம்பி, எப்போது வாங்குவது? பெட்டியைப் பிரிக்கலாமா, அப்படியே வைக்க வேண்டுமா?

பதில்: பயம் பாதி நியாயமானதுதான். சில பொம்மைகள் உண்மையிலேயே தீர்ந்துபோகும். பெரும்பாலானவை போகாது. எது எந்த ரகம் என்று அறிவிப்பு வந்த அன்றே ஓரளவு கணித்துவிடலாம். அதற்கு இந்தப் பொம்மைகள் கடைக்கு எப்படி வருகின்றன என்பது தெரிந்திருக்க வேண்டும்.

நீங்கள் சேர்க்கும் வகை பெரும்பாலும் 'வேவ்' என்ற தொகுதிகளாக வெளியாகிறது. கடைக்காரர் தனக்கு வேண்டிய கதாபாத்திரத்தை மட்டும் பொறுக்கி எடுப்பது வழக்கமில்லை. கம்பெனி கலந்து அடுக்கிய அட்டைப்பெட்டியை மொத்தமாக எடுப்பார். அதற்குள் எல்லோருக்கும் தெரிந்த கதாநாயகன் இரண்டு இருப்பார்; கதையில் ஓரமாக வந்துபோகும் வில்லனோ ஒன்றே ஒன்று இருப்பார். சேகரிப்பவர்கள் எல்லோரும் அந்த ஒற்றை வில்லனைத் தேடி ஓடுவார்கள். அப்படிக் குறைவாக அடுக்கப்பட்டதற்கு 'ஷார்ட்பேக்' என்று பெயர். கதாநாயகனோ மாதக்கணக்கில் கொக்கியிலேயே தொங்குவார், அவர் 'பெக்வார்மர்'. இதில் வேடிக்கை என்னவென்றால், தொங்குவது விற்றுத் தீரும்வரை கடைக்காரர் அடுத்த பெட்டி எடுக்கத் தயங்குவார். அதனால் வில்லன் மறுபடி வருவதே இல்லை. நீங்கள் சொன்ன பாதி விலையும் மூன்று மடங்கு விலையும் பல சமயம் ஒரே பெட்டியிலிருந்து வந்தவைதான்.

இதோடு இன்னொரு சிக்கல், 'பில்ட்-எ-ஃபிகர்'. ஒரு வேவில் உள்ள ஒவ்வொரு பொம்மையோடும் ஒரு கையோ காலோ தலையோ தருவார்கள். எல்லாவற்றையும் வாங்கிச் சேர்த்தால் ஒரு பெரிய பொம்மை முழுதாகும். 2005இல் டாய் பிஸ் கம்பெனி கலாக்டஸ் என்ற ராட்சத வில்லனை இப்படிப் பிரித்துக் கொடுத்ததிலிருந்து இது ஒட்டிக்கொண்டது. யாருக்கும் பிடிக்காத ஒரு பொம்மைகூட, அதோடு வரும் இடது காலுக்காக விற்றுவிடும். பெரிய பொம்மை உங்களுக்கு வேண்டாம் என்றால் நிம்மதி: பிடித்ததை மட்டும் வாங்கி, கூட வந்த காலைத் தனியாக விற்றுவிடலாம். வாங்க எப்போதும் ஆள் உண்டு.

இனி எதற்குக் காத்திருக்கலாம் என்று பார்ப்போம். ஸ்பைடர்மேன், உல்வரின், கேப்டன் அமெரிக்கா, பேட்மேன் போன்றவர்களுக்கு அவசரமே படாதீர்கள். உலோக அச்சு செய்யத்தான் கம்பெனிக்குப் பெரிய செலவு. ஒரு முறை செய்த உடம்பு அச்சைப் புதுத் தலை, புதுப் பெயின்ட் என்று மாற்றி மாற்றிப் பயன்படுத்தினால்தான் அந்தக் காசு திரும்பும். அதனால் இவர்கள் வந்துகொண்டே இருப்பார்கள். அடுத்து வருவது பெரும்பாலும் இன்னும் நன்றாகவே இருக்கும். முழங்கையிலும் முழங்காலிலும் ஆணித் தலை தெரியாத மூட்டுகள் சில வருடங்களாகத்தான், மார்வெல் லெஜண்ட்ஸ் தயாரிக்கும் ஹாஸ்ப்ரோவின் பொம்மைகளில் பரவலாகியிருக்கின்றன. பழசை அதிக விலைக்கு வாங்கியவர்கள் அதே பாத்திரத்தைப் புது உடம்போடு மறுபடி வாங்கினார்கள். சினிமாவை ஒட்டி வரும் பொம்மைகளுக்கும் இதே கதைதான். படம் வெளியாகும் முன்பு குவிந்து கிடக்கும். பரபரப்பு அடங்கியதும் விலை இறங்கும். படம் முடிவதற்கு வெகு முன்பே வடிவமைக்க வேண்டியிருப்பதால் பொம்மையின் உடையும் திரையில் பார்த்த உடையும் சில சமயம் பொருந்தாது. படத்தைப் பார்த்துவிட்டு வாங்குவதே மேல்.

அவசரப்பட வேண்டியவை வேறு. முதல் முறையாகப் பொம்மையாகும் சின்னப் பாத்திரம், வேறு யாருக்கும் பொருந்தாத தனி அச்சில் வந்தால் யோசிக்காமல் எடுங்கள். அந்த அச்சை மறுபடி ஓட்டக் கம்பெனிக்குக் காரணம் இருக்காது. ஜூலையில் நடக்கும் சான் டியேகோ காமிக்-கான் போன்ற விழாக்களுக்கென்று வருபவையும் இந்த வகைதான். ஆனால் மிச்சத்தைக் கம்பெனியே பிறகு தன் இணையக் கடையில் விற்பதும் உண்டு. அதனால் விழா நடக்கும் அதே வாரத்தில் இடைத்தரகரிடம் மாட்டிக்கொள்ளாதீர்கள்.

என் கணக்கில் எல்லாவற்றையும்விடப் பெரிய செய்தி, பாத்திரங்களைப் பொம்மையாக்கும் உரிமம் ஒரு கம்பெனியிலிருந்து இன்னொன்றுக்குக் கைமாறும் செய்தி. பலர் அதை வியாபாரச் செய்தி என்று தாண்டிப் போய்விடுகிறார்கள். மார்வெல் 2007இல் டாய் பிஸ்ஸிடமிருந்து ஹாஸ்ப்ரோவுக்குப் போனது. டிசி 2020இல் மட்டெலிடமிருந்து மெக்ஃபார்லேனுக்குப் போனபோது அளவே ஆறு அங்குலத்திலிருந்து ஏழாக மாறியது. புது சூப்பர்மேன் பக்கத்தில் பழைய பேட்மேனை நிறுத்தினால் அப்பா பக்கத்தில் பையன் நிற்பது போலத்தான் இருக்கும். உரிமம் போன கம்பெனி பழைய பொம்மையை மறுபடி அச்சடிக்க முடியாது. உங்கள் வரிசையில் ஏதாவது ஓட்டை இருந்தால் அப்படி ஒரு செய்தி வந்த உடனே அடைத்துவிடுங்கள்.

செய்தியின் தரத்துக்கு வருவோம். கடைகளின் சரக்குப் பட்டியலிலிருந்து கசியும் பெயர்கள் முதலில் வரும். குறித்து வைத்துக்கொள்ளலாம், அதற்குமேல் ஒன்றுமில்லை. அடுத்து அதிகாரபூர்வப் படங்கள். இவை கணினி வரைபடமாகவோ, கையால் பெயின்ட் அடித்த மாதிரியாகவோ இருக்கும். தொழிற்சாலையில் ஆயிரக்கணக்கில் ஓடும்போது கண்மணி ஒரு பக்கம் ஒதுங்கும், மஞ்சள் பெல்ட்டின் பெயின்ட் தொடையில் வழியும். உண்மையில் நம்பக்கூடியது, வாங்கியவர்கள் கையில் பிடித்து எடுக்கும் படம் மட்டுமே. காத்திருக்கக்கூடிய ரகமென்றால் அந்தப் படம் வரும்வரை பொறுங்கள். முகம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஹாஸ்ப்ரோவே சாட்சி. 2022இல் பிளாஸ்டிக்கை ஒழிக்கிறோம் என்று ஜன்னல் இல்லாத பெட்டிக்கு மாறினார்கள். உள்ளே இருப்பது தெரியவில்லை என்று வாங்குபவர்கள் முணுமுணுக்க, 2023இல் ஜன்னலைத் திரும்பக் கொண்டுவரப்போவதாக அறிவித்தார்கள். அந்த இடைக்காலத்துப் பெட்டியை யாரிடமாவது செகண்ட் ஹேண்டில் வாங்கினால் திறந்து படம் அனுப்பச் சொல்லுங்கள். பழைய பொம்மையை உள்ளே வைத்து மூடிக் கடையில் திருப்பிக் கொடுத்தவர்களும் உண்டு.

ப்ரீ-ஆர்டர் போடுவதென்றால் அனுப்பும்போது மட்டும் பணம் எடுக்கும், நடுவில் ரத்து செய்யவிடும் கடையாகப் பாருங்கள். அப்படிப்பட்ட இடத்தில் போட்டுவைப்பதில் நஷ்டமில்லை; விமர்சனப் படம் பிடிக்கவில்லையென்றால் விட்டுவிடலாம். ஆனால் எது எந்த மாதம் வரும் என்று ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். தேதிகள் தள்ளிப்போய்த் தள்ளிப்போய் எல்லாம் ஒரே மாதத்தில் வந்து நிற்கும்.

பெட்டி? பிரியுங்கள். 1984இல் வந்த கென்னரின் சூப்பர் பவர்ஸ், மட்டெலின் சீக்ரெட் வார்ஸ் பொம்மைகள் பிரிக்காமல் கிடைத்தால் நல்ல விலை போவதற்குக் காரணம், அன்றைக்குக் குழந்தைகள் கிழித்து விளையாடினார்கள், பெட்டி மிஞ்சவில்லை. இன்றைக்கு ஆளாளுக்கு பெட்டியோடு அடுக்கி வைத்திருக்கிறார்கள். எல்லோரும் பத்திரப்படுத்துவது அரிதாகாது. அதோடு, மூடிய பெட்டி காப்பாற்றும் என்பதும் முழு உண்மையில்லை. பிவிசி பிளாஸ்டிக்கை மென்மையாக்கச் சேர்க்கும் ரசாயனம் நாளாக ஆக மேலே கசிந்து பொம்மை பிசுபிசுக்கும்; காற்றோட்டமில்லாத பெட்டிக்குள் அது வெளியேற வழியில்லாமல் அங்கேயே படிந்து கிடக்கும். வெளியே எடுத்தால் வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சம் பாத்திர சோப்பு போட்டுக் கழுவிவிடலாம்.

பிரித்ததும் உடனே போஸ் கொடுக்க வைக்காதீர்கள். முதலில் கைகளைப் பாருங்கள்: இரண்டுமே இடது கையாக வந்த பொம்மைகள் இந்தப் பொழுதுபோக்கில் ஒன்றும் அதிசயமில்லை. திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் தெரிந்தால் தப்பித்தீர்கள். அப்புறம் ஒவ்வொரு மூட்டையும் மெல்ல அசையுங்கள். அசையாவிட்டால் பெயின்ட் ஒட்டியிருக்கும். கொதிக்காத சுடுதண்ணீரில் அந்த மூட்டை ஒரு நிமிடம் பிடித்து, பிளாஸ்டிக் இளகியதும் திருப்புங்கள். குளிர்ந்த நிலையில் முறுக்கினால் உள்ளே இருக்கும் குச்சி உடையும். கண்ணாடி போன்ற பிளாஸ்டிக்கில் செய்த மூட்டுகள் இதில் மிக மோசம். எண்ணெய் விடுவதென்றால் சிலிக்கோன் எண்ணெய் மட்டும். நெயில் பாலிஷ் அழிக்கும் அசிட்டோன் பக்கத்திலேயே வரக்கூடாது, ஏபிஎஸ் பிளாஸ்டிக்கை அது கரைத்துவிடும். அலமாரி நேர் வெயிலில் இருந்தால் வெள்ளை உடை மஞ்சளாகும், சிவப்பு வெளுக்கும்.

போலி பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். பாதத்தின் அடியிலோ முதுகிலோ தொடையிலோ உரிமையாளரின் பெயரும் வருடமும் பொடி எழுத்தில் பதிந்திருக்கும். அது இல்லாமல், மூட்டு தொளதொளவென்று, பெட்டி அச்சு மங்கலாக இருந்தால் ஒதுங்குங்கள். பதிந்த வருடம் அச்சு உருவான வருடமாகவே இருக்கலாம். அதை வைத்து 'பழைய முதல் பதிப்பு' என்று ஒருவர் விலை ஏற்றினால் ஏமாற வேண்டாம்.

பொம்மைக்காகக் காமிக்ஸ் செய்தியையும் பார்ப்பவர் என்றால், அமெரிக்கப் பதிப்பகங்கள் மாதாமாதம் வெளியிடும் முன்னறிவிப்புப் பட்டியலே போதும். கடைக்கு வருவதற்குச் சுமார் மூன்று மாதம் முன்பே கதையும் அட்டையும் அதில் இருக்கும். புது உடை, புது வில்லன் அங்கே தலைகாட்டினால் பொம்மை பிறகு வரலாம் என்று எதிர்பார்க்கலாம். ஒரே இதழுக்குப் பல அட்டைகள் வந்தால் மட்டும் பிடித்த ஒன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். 1991இல் எக்ஸ்-மென் முதல் இதழ் ஐந்து அட்டைகளோடு 80 லட்சம் பிரதிகளுக்கு மேல் போனது. பொக்கிஷம் என்று பலர் கட்டுக்கட்டாக வாங்கி வைத்தார்கள். இன்றும் அது பழைய இதழ்ப் பெட்டிகளில் மலிவாகக் கிடைக்கிறது.