மூன்றாவதாக வந்த குதிரைக்கு ஏன் பணம் வரவில்லை?

இங்கிலாந்தின் ஹேடாக் மைதானத்தில் எட்டுக் குதிரைகள் ஓடவிருந்த தடைதாண்டும் பந்தயத்தில் இரண்டு பவுண்ட் ஈச்-வே கட்டினேன், குதிரை மூன்றாவதாக வந்தும் ஒரு பென்னிகூட வரவில்லை, ஏமாற்றிவிட்டார்களா என்று கேட்டிருந்தீர்கள். முதலில், உண்மையில் ஓடியவை எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். பெரும்பாலும் ஏழாகத்தான் இருக்கும்.

ஈச்-வே என்பது இரண்டு பந்தயம்: ஒன்று வெற்றிக்கு, மற்றது முதல் சில இடங்களுக்குள் வருவதற்கு. ஆகவே உங்களிடமிருந்து போனது நான்கு பவுண்ட். எட்டு ஓடினால் வழக்கமாக முதல் மூன்று இடங்களுக்குப் பணம் உண்டு. ஐந்து முதல் ஏழு வரை என்றால் முதல் இரண்டுக்கு மட்டுமே. குளிர்கால மழையில் தரை சேறாகிவிட்டால், கெட்டித் தரையில் நன்றாக ஓடும் குதிரையைப் பயிற்சியாளர் காலையிலேயே விலக்கிக்கொள்வார். அந்த ஒரு விலகல் போதும், மூன்றாம் இடம் போய்விடும். வயிறு வரை சேறு அப்பி, கடைசித் தடையைத் தட்டுத்தடுமாறித் தாண்டி மூன்றாவதாக வந்த குதிரைக்கு எனக்கும் ஒன்றும் கிடைக்காமல் போயிருக்கிறது. மனம் நொந்துதான் போகும்.

சரியாக எட்டு ஓடும் பந்தயத்தில் காலையில் கட்டவே கட்டாதீர்கள். பத்துக்கு மேல் ஓடுவதைத் தேடுங்கள், அல்லது தொடங்கப் பத்து நிமிடம் இருக்கும்போது பட்டியலைப் பார்த்துக் கட்டுங்கள். போன நான்கு பவுண்டை மீட்க அடுத்த வாரம் தொகையை உயர்த்த வேண்டாம்.