ஐ.எல்.ஆர். பெட்டியும் டி.பார்ம். படித்த மகளும்

"ஃபிரிட்ஜுக்குக் காவல் இருக்கவா என் பொண்ணு டி.பார்ம். படிச்சா?" என்று கேட்டிருக்கிறீர்கள். கோபம் புரிகிறது ஐயா. மருந்தாளுநர் டிப்ளமோ முடித்த பெண்ணுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒப்பந்தப் பணி, கூடவே தடுப்பூசிப் பொறுப்பு என்றதும் ஏதோ எடுபிடி வேலையைத் தலையில் கட்டுகிறார்கள் என்று தோன்றியிருக்கும். அந்த வேலையில் உண்மையில் என்ன நடக்கிறது என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

தடுப்பூசிகளை வைக்கும் அந்தக் குளிர்பதனப் பெட்டியை ஐ.எல்.ஆர். (ஐஸ் லைன்டு ரெஃப்ரிஜிரேட்டர்) என்பார்கள். மேல்பக்கமாகத் திறக்கும், அதனால் திறந்தாலும் குளிர் சட்டென்று வெளியே போய்விடாது. உள்ளே 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும், காலையும் மாலையும் பார்த்து எழுத வேண்டும், ஞாயிறு தீபாவளி எல்லாம் சேர்த்து. நம்ம ஊர் வெயில்தான் தடுப்பூசிக்கு எதிரி என்று எல்லாரும் நினைக்கிறார்கள். நான் அதிகம் பயப்படுவது உறைந்துபோவதற்குத்தான். சூடு பட்டால் குப்பியில் ஒட்டியிருக்கும் வி.வி.எம். என்ற சூடு காட்டும் அடையாளம் காட்டிக்கொடுத்துவிடும்: வட்டத்துக்குள் வெளிறிய சதுரம் ஒன்று இருக்கும், அது நிறம் ஏறி ஏறி வட்டத்தின் நிறத்துக்கே வந்துவிட்டால் குப்பியைக் கழித்துவிட வேண்டியதுதான். ஆனால் பென்டாவேலன்ட் (ஐந்து நோய்களுக்கான ஒரே ஊசி), ஹெபடைடிஸ்-பி மாதிரியான தடுப்பூசிகள் ஒருமுறை உறைந்து உருகிவிட்டால் அந்த வி.வி.எம். ஒன்றும் சொல்லாது. மருந்தின் வீரியம் போயிருக்கும், ஊசியும் போட்டிருப்பார்கள், அட்டையிலும் எழுதியிருப்பார்கள், குழந்தைக்குப் பாதுகாப்பு மட்டும் கிடைத்திருக்காது.

புதன்கிழமை காலை ஒரு நிலையத்துக்குப் போய்ப் பாருங்கள். கிராம சுகாதார செவிலியர்கள் தடுப்பூசியை எடுத்துச்செல்லும் வேக்சின் கேரியர் பெட்டியோடு காத்திருப்பார்கள், எல்லாருக்கும் அவசரம், ஃபிரீசரிலிருந்து எடுத்த ஐஸ்பேக்கை அப்படியே உள்ளே வைத்துக் கொடுத்துவிடத்தான் கை போகும். வைக்கக்கூடாது. வெளியே எடுத்து வைத்து, மேலே நீர் கோத்து, காதருகே ஆட்டினால் உள்ளே தண்ணீர் சலசலக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் கேரியருக்குள் போக வேண்டும். இல்லையென்றால் ஐஸ்பேக்கை ஒட்டியிருக்கும் குப்பி வழியிலேயே உறைந்துவிடும். இத்தனை பேர் அவசரப்படுத்தும்போது "கொஞ்சம் பொறுங்க அக்கா" என்று நிதானமாகச் சொல்ல உங்கள் மகளால் முடியுமா? மதிப்பெண்ணை விட எனக்கு அதுதான் முக்கியம்.

மிச்சமெல்லாம் கணக்கு. முதலில் காலாவதியாகப்போவது முதலில் வெளியே போக வேண்டும். காசநோய்க்கான பி.சி.ஜி., தட்டம்மை-ரூபெல்லாவுக்கான எம்.ஆர். இரண்டும் பொடியாக வருபவை, கரைத்த 4 மணி நேரத்துக்குள் பயன்படுத்தவில்லை என்றால் கொட்டத்தான் வேண்டும். மாலையில் திரும்பி வரும் குப்பிகளை எண்ணி, பதிவேட்டிலும், தடுப்பூசி இருப்பைக் கண்காணிக்கும் இவின் செயலியிலும் ஏற்ற வேண்டும். 2015இல் தொடங்கிய இந்த இவின் ஏற்பாட்டில் பெட்டியின் வெப்பநிலை எல்லை தாண்டினால் பொறுப்பாளரின் போனுக்கே தகவல் வந்துவிடும், ராத்திரி கரண்ட் போனாலும் தூக்கம் கலையும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இப்போது உங்கள் உண்மையான பயத்துக்கு வருவோம். ஒப்பந்தப் பணி நிரந்தரம் ஆகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், அதற்குப் பணம் கேட்டால் பேச்சையே முறித்துக்கொள்ளுங்கள். அரசு மருந்தாளுநர் பணிக்கு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் அறிவிப்பு வரும்போது விண்ணப்பிக்க வேண்டும், அதற்குத் தமிழ்நாடு பார்மசி கவுன்சில் பதிவு கையில் இருக்க வேண்டும். பதிவு இன்னும் செய்யவில்லை என்றால் இந்த வாரமே செய்யச் சொல்லுங்கள். மாவட்ட அளவில் தடுப்பூசி, குளிர்பதன மேலாளர் மாதிரியான பொறுப்புகளுக்குப் பெரும்பாலும் பட்டம் கேட்பார்கள், டி.பார்ம். முடித்தவர்கள் பி.பார்ம். பட்டப்படிப்பின் இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம், அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வேலையை விட்டுவிட்டுப் படிக்க வேண்டியிருக்கும், அதனால் ஒன்றிரண்டு வருடம் சம்பாதித்துவிட்டுப் போனாலும் தப்பில்லை. இன்சுலின் முதல் ரத்தப் பொருட்கள் வரை குளிரில் வைத்துக் கணக்குப் பார்க்கத் தெரிந்தவர்களைத் தனியார் மருத்துவமனைகளும் மருந்து விநியோகஸ்தர்களும் தேடுகிறார்கள்.

சேர்கிற முதல் நாள் மட்டும் கவனமாக இருக்கச் சொல்லுங்கள். முன்பிருந்தவர் பதிவேட்டை நீட்டி "கையெழுத்துப் போடும்மா, எல்லாம் சரியா இருக்கு" என்பார். பெட்டியைத் திறந்து, ஒவ்வொரு தடுப்பூசியும் எத்தனை குப்பி, எந்த பேட்ச், எப்போது காலாவதி என்று எண்ணிச் சரிபார்த்து, வித்தியாசம் இருந்தால் அதைப் பதிவேட்டிலேயே எழுதி, மருத்துவ அலுவலரிடம் காட்டிவிட்டு அப்புறம் கையெழுத்துப் போடட்டும்.