நான்கு பேர், ஒரு தண்ணீர்த் தாங்கி

கேள்வி: நண்பர்களோடு வெளிநாட்டில் மோட்டார் ஹோமில் ஊர் சுற்றினால் அன்றாட வாழ்க்கை எப்படி இருக்கும்?

பாதி நேரம் தண்ணீரையும் மலசலகூடத்தையும் பற்றித்தான் பேசிக்கொண்டிருப்பீர்கள். கொழும்பு வெள்ளவத்தையிலிருந்து நாங்கள் நால்வர், பள்ளித் தோழர்கள், நியூசிலாந்தின் தென் தீவில் பன்னிரண்டு நாட்கள் சுற்றினோம். ஏரியும் மலையும் படத்தில் பார்த்தபடியே இருந்தன. அதைப் பற்றி எழுத வேறு ஆட்கள் இருக்கிறார்கள்.

ஓட்டுவது சிரமமில்லை. அங்கும் இடப்பக்கம்தான். நம் காலி வீதி பெயரில்தான் காலி. அங்கே வீதிகள் உண்மையிலேயே காலி. ஒற்றைத் தடப் பாலங்களில் மட்டும் கவனம் வேண்டும்: பலகையில் உங்கள் திசைக்கான அம்பு சிறியதாகவும் சிவப்பாகவும் இருந்தால் நீங்கள்தான் நின்று வழிவிட வேண்டும்.

வண்டிக்குள் விளக்கும் தண்ணீர்ப் பம்பும் பேட்டரியில் ஓடும், அடுப்புக்கு காஸ் இருக்கும். சுவர் பிளக்குகளில் மின்சாரம் வேண்டுமென்றால் காசு கட்டி, இப்படியான வண்டிகள் நிறுத்தும் முகாமில் தங்கி, வயரைக் கொண்டுபோய்ச் செருக வேண்டும். தொலைபேசிகளுக்குச் சார்ஜ் ஏற்றவும் தாங்கியை நிரப்பவும் இரண்டு நாளைக்கு ஒருமுறை அப்படித் தங்கினோம். 2022 இல் பதின்மூன்று மணிநேர மின்வெட்டையும் காஸ் வரிசையையும் பார்த்தவர்களுக்கு இதெல்லாம் புதிதா? ஒரு குவளை நீரில் முகம் கழுவிப் பல்லும் விளக்கிவிடுவோம். முதல் சண்டையே, ஒருவன் குழாயைத் திறந்துவிட்டுக் கோப்பை கழுவியதால்தான்.

சமையல் பெரும்பாலும் சோறு, பருப்பு, டின் மீன். தெக்காப்போ ஏரிக்கரையில் சம்பல் ஆசை வந்துவிட்டது. கடையில் கிடைத்த உலர்ந்த தேங்காய்ப்பூவை வெந்நீரில் ஊறவைத்து, வெங்காயம், ஊரிலிருந்து கொண்டுபோன மிளகாய்த்தூள், உப்பு சேர்த்து எவர்சில்வர் குவளையின் அடியால் இடித்தோம். தேசிக்காய் பிழிந்து பாணோடு சாப்பிட்டபோது யாரும் பேசவில்லை. ஒன்று சொல்ல வேண்டும்: கொண்டுபோகிற உணவுப் பொருளையெல்லாம் விமான நிலையத்தில் அறிவித்துவிடுங்கள். மறைத்தால் 400 நியூசிலாந்து டொலர் அபராதம்.

இனி கழிவறைப் பெட்டி. கழிவறைக்கு அடியில் இருபது லீட்டர் அளவில் ஒரு தொட்டி. வெளிக்கதவைத் திறந்து உருவினால் கைப்பிடியும் சக்கரமுமாக, பயணப்பெட்டி போலவே இருக்கும். காலையில் முகாமில் ஆளுக்கொன்றை இழுத்துக்கொண்டு, விமானத்துக்குப் போகிறவர்கள் மாதிரி, ஒருவருக்கொருவர் வணக்கம் சொல்லியபடி கொட்டும் இடத்துக்கு நடப்பார்கள். கழிவறை இல்லாத வண்டியே எடுக்கலாமே என்பீர்கள். நகரசபை நிலத்தில் காசில்லாமல் இரவு தங்குவதற்கு, பொருத்திய கழிவறையும் சான்றிதழும் உள்ள வண்டி வேண்டுமென்று 2023 இல் சட்டத்தை இறுக்கிவிட்டார்கள்.

எவன் கொட்டுவது என்பதை 304 என்ற சீட்டாட்டம் முடிவு செய்தது. இரவுச் சாப்பாடு முடிந்ததும் அதே மேசையில் சீட்டு. தோற்ற சோடி காலையில் பெட்டியை இழுக்க வேண்டும். ஆட்டம் முடியாமல் மேசையை மடித்துக் கட்டிலாக்க முடியாது, அதனால் தூக்கம் வந்தவன் வேண்டுமென்றே தோற்கிறான் என்று மற்றவன் கத்துவான். பன்னிரண்டு நாளில் எட்டு முறை இழுத்தவன் நான். என் சோடிக்காரன் கையில் ஒன்றுமில்லாமல் துரும்பு கேட்கிறவன். அடுத்த பயணத்துக்கு அவனை அழைப்பதா என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.