ஓடு மாற்ற ஊரைக் கூப்பிடலாம், உத்திரம் மாற்ற ஆசாரியைக் கூப்பிடுங்கள்

பழைய வீட்டை நண்பர்கள், அக்கம்பக்கத்தார் துணையோடு பழுது பார்க்க நினைப்பவர்கள் கேட்ட கேள்விகள் இவை. பதில் சொல்பவன் ஓட்டு வீட்டிலும், மரக்கட்டை மேல் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்பு போட்ட மாடி உள்ள மெட்ராஸ் டெரஸ் வீட்டிலும் வேலை பழகிய மேஸ்திரி. கான்கிரீட் வீட்டுக்காரர்கள் மன்னிக்கவும்.

அண்ணா, கும்பகோணம் பக்கம் தாத்தா கட்டிய ஓட்டு வீடு. கூரை ஒழுகுகிறது. கல்லூரி நண்பர்கள் பத்துப் பேர் உதவிக்கு வருகிறார்கள். என்ன வேலை கொடுக்கலாம்?

ஓடு இறக்குகிற வேலையைக் கொடுங்கள் தம்பி. அதற்கு நிறையக் கைகள் இருந்தால் போதும், பழகிய கை வேண்டியதில்லை. 10 அடிக்கு 10 அடி கூரைக்கே ஏறத்தாழ 150 மங்களூர் ஓடு வரும். ஒவ்வொன்றும் இரண்டு, இரண்டரைக் கிலோ. வரிசையாக நின்று கைமாற்றிவிட்டால் ஓர் அறைக் கூரை மதியச் சாப்பாட்டுக்குள் இறங்கிவிடும். மேலே ஏறுவது மட்டும் விஷயம் தெரிந்த இரண்டே பேர். ஓட்டின் நடுவில் மிதித்தால் உடையும். அடியில் ரீப்பர், அதாவது ஓட்டைத் தாங்கும் குறுக்குச் சட்டம், ஓடுகிற இடமாகப் பார்த்துக் கால் வைக்க வேண்டும். பிரிக்கும்போது முகட்டிலிருந்து கீழே, வேயும்போது வாரியிலிருந்து, அதாவது கூரையின் கீழ் விளிம்பிலிருந்து, மேலே.

கீழே நிதானமான ஒருவரை உட்காரவைத்து ஒவ்வோர் ஓட்டையும் விரல் முட்டியால் தட்டச் சொல்லுங்கள். ‘ணங்’ என்றால் நல்ல ஓடு. ‘டொக்’ என்றால் உள்ளே விரிசல், தள்ளி வையுங்கள். நல்லதைப் படுக்கப்போட்டு அடுக்காமல் நிறுத்தி அடுக்குங்கள். உடைந்ததற்கு மாற்று வாங்கும்போது ஓட்டில் பதிந்த முத்திரையைப் பாருங்கள். பாசல் மிஷன் என்ற சுவிட்சர்லாந்துக் கிறிஸ்தவ சபைக்காரர்கள் 1865-இல் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை வைத்த பிறகு எத்தனையோ கம்பெனிகள் வந்தன. ஒரு கம்பெனி ஓட்டின் பள்ளத்தில் இன்னொன்றின் விளிம்பு சரியாக உட்காராது. அந்த இடுக்கில்தான் அடுத்த மழை இறங்கும்.

ஓடு இறங்கியதும் கைமரங்களின், அதாவது கூரையின் சாய்வுச் சட்டங்களின், நுனியை ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கினால் அன்றைக்கு நண்பர்களின் வேலை முடிந்தது, ஆசாரி வரட்டும். வேலையை மாசி, பங்குனியில் வைத்துக்கொண்டாலும் தார்ப்பாய் கையோடு இருக்கட்டும்.

நாகப்பட்டினத்தில் அம்மா வீடு. சுவரில் இடுப்பு உயரத்துக்கு உப்புப் பூத்துப் பூச்சு உதிர்கிறது. உதவ வந்த உறவினர், சிமெண்டு பூசி மூடிவிடலாம் என்கிறார். சரியா மேஸ்திரி?

வேண்டாம்மா. செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய சுவர் தரையிலிருந்து ஈரத்தை இழுக்கும், வெளிப்புறமாக உலர்த்தியும் விடும். சிமெண்டு பூசினால் உலர வழி இல்லாமல் ஈரம் மேலே ஏறும். இடுப்பில் இருந்தது தோளுக்கு வரும். உப்பு சிமெண்டையே பொரித்துத் தள்ளிவிடும். முதலில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். பல தெருக்களில் ரோடு மேல் ரோடு போட்டு வீடே பள்ளத்தில் கிடக்கிறது. மழைத்தண்ணீர் சுவரோரம் தேங்காமல் வடிய வழி செய்யாமல் கரணையைத் தொடாதீர்கள்.

பழைய பூச்சைச் செதுக்கி எடுக்க அக்கம்பக்கத்தார் போதும். கண்ணுக்குக் கண்ணாடி, மூக்குக்குத் துணி. கொஞ்ச நாள் சுவரைத் திறந்தபடி காயவிட்டு, ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு மணல் வைத்துக் கொத்தனார் பூசட்டும். கடுக்காய் ஊறல் சேர்ப்பதும் பழைய வழக்கம்தான். சுண்ணாம்புக் கல்லைத் தண்ணீர் விட்டு நீற்றும்போது கொதித்துத் தெறிக்கும், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. சின்னப் பிள்ளைகள் பக்கத்தில் நிற்கக் கூடாது.

இரண்டு அறைக்கு நடுவில் உள்ள சுவரை நண்பர்களோடு சுத்தியல் எடுத்து உடைத்து ஹால் ஆக்கலாமா?

கூடாது. பழைய வீட்டில் கம்பி கட்டிய கான்கிரீட் தூண் கிடையாது, கூரையைத் தாங்குவதே சுவர்தான். இன்ஜினியர் வந்து பார்க்கும்வரை சுத்தியல் மூட்டையிலேயே இருக்கட்டும்.

மயிலாப்பூர் மெட்ராஸ் டெரஸ் வீடு. மாடி கசிகிறது. மேலே இரண்டு அங்குலம் கான்கிரீட் போட்டால் நிற்குமா சார்?

300 சதுர அடி மாடியில் இரண்டு அங்குலக் கான்கிரீட் என்பது மூன்று டன்னுக்கு மேல். கீழே இருப்பது தேக்குக் கட்டைகளும், அவற்றின் மேல் மூலைவாட்டில் நிறுத்தி வைத்த செங்கல்லும். அத்தனை பாரத்தை அவற்றின் தலையில் ஏற்றுவானேன்? மேலே பதித்த தட்டையான ஓட்டில், அதாவது தட்டோட்டில், பெயர்ந்ததை எடுத்து, அடியில் உள்ள செங்கல் ஜல்லிச் சுண்ணாம்பைப் பார்த்து, கெட்ட இடத்தை மட்டும் புதுப்பிக்கலாம். அந்தச் சுண்ணாம்பு ஜல்லியை மரக்கட்டையால் நாள்கணக்கில் அடித்து இறுக்க வேண்டும். அந்தக் காலத்தில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து அடிப்பார்கள். பழகிய ஒருவர் பக்கத்திலிருந்து தாளம் பிசகாமல் பார்த்துக்கொண்டால் இன்றைக்கும் தெருக்காரர்கள் செய்யலாம். கை வலிக்கும், அவ்வளவுதான்.

மரத்தில் கரையான். முந்திரிக்கொட்டைத் தோலிலிருந்து எடுக்கிற எண்ணெய் அடிக்கலாமா?

அடிக்கலாம், மரம் கறுத்துப்போகும். தோலில் பட்டால் கொப்புளம் போடும், ரப்பர் கையுறை இல்லாமல் யாரிடமும் பிரஷைக் கொடுக்காதீர்கள்.

வயரிங் தெரிந்த நண்பன் இலவசமாகச் செய்து தருகிறேன் என்கிறான்.

லைசென்ஸ் இருந்தால் சரி. இல்லாவிட்டால் பள்ளம் வெட்டி பைப் பதிக்கிறவரை அவர், மீதி எலக்ட்ரீஷியன். மின்கசிவு வந்தால் கரண்டை வெட்டிவிடும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி கட்டாயம்.

உதவிக்கு வந்த பக்கத்து வீட்டார் கூலி வாங்க மறுக்கிறார்கள். என்ன செய்வது என்று வீட்டுக்காரரும் நானும் குழம்புகிறோம்.

பணத்தை நீட்டாதீர்கள், மனம் சுருங்கும். யார் எத்தனை நாள் வந்தார்கள் என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அவர்கள் வீட்டுக்கு வெள்ளை அடிக்கும்போது அத்தனை நாள் நீங்கள் போய் நில்லுங்கள். ஆனால் தினக்கூலிக்குப் போகிறவர் உங்களுக்காக ஒரு நாளை விட்டு வந்தால் கூலியைக் கொடுத்தே ஆக வேண்டும், அவர் எவ்வளவு மறுத்தாலும். பத்து மணிக்கு டீ, ஒரு மணிக்குச் சோறு தவறக் கூடாது. யாருக்காவது அடிபட்டால் ஆஸ்பத்திரிச் செலவு உங்களுடையது. இதை முதல் நாளே உங்களுக்குள் பேசிவிடுங்கள்.

எங்கள் சுவரும் பக்கத்து வீட்டுச் சுவரும் ஒன்றுதான். அவரே உதவிக்கும் வருகிறார். தனியாகப் பேச வேண்டுமா?

நிச்சயம் பேச வேண்டும். வரிசை வீடுகளில் இரண்டு பக்கத்து உத்திரத் தலைகளும் அந்த ஒரே சுவரில் உட்கார்ந்திருக்கும். உங்கள் உத்திரத்தை உருவும்போது அவர் பக்கம் அசையலாம். இரண்டு வீட்டிலும் முட்டுக் கொடுத்த பிறகே ஒரு செங்கல்லைத் தொட வேண்டும். முட்டு நிற்கப்போவது அவர் வீட்டுக் கூடத்தில். எத்தனை நாள் நிற்கும் என்பதை ஆசாரியிடம் கேட்டு, முன்கூட்டியே அவர் வீட்டு அம்மாவிடமும் சொல்லிவிடுங்கள்.