சனிக்கிழமை வரும்படி யாருக்கு?

யூதரும் முஸ்லிமும் கூட்டுத்தொழில் செய்தார்களாமே. முஸ்லிமுக்கு வெள்ளி தொழுகைநாள், யூதருக்குச் சனி ஓய்வுநாள் என்றால் லாபத்தை எப்படிப் பிரித்தார்கள்?
– காரைக்குடி வாசகர்

கடை வைத்தவர் கேட்கிற கேள்வி! 12ஆம் நூற்றாண்டு எகிப்தில், யூத சட்ட அறிஞர் மைமோனிடிஸிடமே இது போயிற்று. பொன் வேலை, கண்ணாடி வேலைப் பட்டறைகள், கருவிகள் பொது. வெள்ளி வரும்படி யூதருக்கு, சனி வரும்படி முஸ்லிமுக்கு என்று பேச்சு. செல்லும் என்றார்.

சிக்கல், முதலிலேயே பேசாமல் விட்டால்தான். அவரது சட்டத்தொகுப்புப்படி, சனி வரவு முழுதும் யூதரல்லாத பங்காளிக்கே. அதற்கு ஈடாக வேறு நாளை யூதர் கேட்க முடியாது. கேட்டால், ஓய்வுநாளில் தனக்காக ஆள் வைத்து வேலை வாங்கியதாகிவிடும். சனி வரவு தனியாகத் தெரியவில்லையா? மொத்தத்தில் ஏழில் ஒன்றை அந்தப் பங்காளிக்கு ஒதுக்கி, மிச்சத்தைச் சரிபாதியாக்க வேண்டும். லாபம் 700 காசு என்றால் அவருக்கு 400, யூதருக்கு 300. முன்பே பேசியிருந்தால் யூதருக்கும் ஒரு நாள் வரவு முழுசாக வந்திருக்கும்.

நம் வணிகர்களின் உண்டியல் சீட்டு போல அந்தக் கால யூத, முஸ்லிம் வணிகர்களிடம் ஏதும் உண்டா?
– தேவகோட்டை வாசகர்

சுஃப்தஜா. ஓர் ஊரில் பணம் கட்டி, மறு ஊரில் சீட்டைக் காட்டியதும் வாங்குவது. காட்டியதும் பணம் தரும் நம் தரிசன உண்டியலுக்கு நெருங்கிய உறவு. பிறர் முதலில் சரக்குக் கொண்டுவிற்கப் போகிறவருக்கு, முஸ்லிம் முறையான 'கிராத்' ஒப்பந்தம்: முதல் போனால் முதலாளிக்கு நட்டம், போனவருக்கு உழைப்பு மட்டும் வீண். யூத முறையான 'இஸ்கா'வில் பாதி முதல் கடனாகிவிடும். நட்டத்தில் அந்தப் பாதி போனவர் தலையில். அதனால் யூத வியாபாரிகளும் முஸ்லிம் முறையில் ஒப்பந்தம் போட்டார்கள்.

இந்த வியாபார வழக்கங்கள் பெரும்பாலும் தெரிவது பழைய கெய்ரோவின் பென் எஸ்ரா என்ற யூதத் தொழுகைக்கூடத்துக் காகிதங்களால். கடவுள் பெயருள்ள தாளை எறியக் கூடாது என்று சேர்த்துவைத்ததில் கணக்குச் சீட்டுகளும் பிழைத்தன. பெரும்பாலும் மொழி அரபு, எழுத்து எபிரேயம். கீழக்கரைப் பக்கம் தமிழை அரபு எழுத்தில் எழுதினார்களே, அதுபோல.

எல்லாம் சுமுகம்தானா?
– புதுவயல் வாசகி

இல்லை. யூதர் ஜிஸ்யா தலைவரி கட்ட வேண்டும். கட்டிய ரசீது இல்லாமல் வெளியூர்ப் பயணம் ஆபத்து. 1148இல் கடும்போக்குள்ள முஸ்லிம் ஆட்சியாளர்களான அல்மொஹதுகள் ஸ்பெயினின் கொர்தோபாவைப் பிடித்தபின் மைமோனிடிஸ் குடும்பமே ஊரைவிட்டுக் கிளம்பியது. கடைசியில் அவர் நிலைத்ததும் முஸ்லிம் ஆட்சியிலிருந்த எகிப்தில்தான்.

இந்த யூத, முஸ்லிம் வணிகர்களுக்கு நம் பக்கம் தடயம் உண்டா?
– கண்டனூர் வாசகர்

தொண்டிக்குப் பக்கத்தில் தீர்த்தாண்டதானத்துக் கல்வெட்டைப் பாருங்கள். 1269ஆம் ஆண்டினது, வணிகக் குழுக்களில் 'அஞ்சுவண்ணம்' வரும். தமிழ்க் கடற்கரையில் அது முஸ்லிம் வணிகர்களைக் குறித்தது. கொச்சி யூதர்களின் செப்பேட்டிலோ யூதத் தலைவர் ஜோசப் ரப்பானுக்கு அஞ்சுவண்ண உரிமை தரப்படுகிறது. 849ஆம் ஆண்டுக் கொல்லம் செப்பேட்டிலும் அந்தப் பெயர் உண்டு. அதில் சாட்சிகள் அரபு, பாரசீகத்தின் பழைய எழுத்தான பஹ்லவி, எபிரேய எழுத்துகளில் கையெழுத்திட்டிருக்கிறார்கள்.