பதில்: அப்பா அம்மாவை ஒரே படத்தில் வரைய

அப்பாவின் பழைய பாஸ்போர்ட் சைஸ் கறுப்பு வெள்ளைப் படத்தையும், அம்மாவைப் போன வருடம் போனில் எடுத்ததையும் சேர்த்து, ரெண்டு மாதத்தில் வரும் திவசத்துக்குள் ஆயில் பெயிண்டிங் கிடைக்குமா என்று கேட்டிருந்தீர்கள்.

ஆயில் வேண்டாம். காய்வதற்கே நாளாகும், வார்னிஷ் பூச வழக்கமாக ஆறு மாதம் விடுவார்கள். என் ஓட்டு கரித்துண்டால் வரையும் சார்க்கோலுக்கு. கறுப்பு வெள்ளையில் இல்லாத நிறத்தை ஓவியர் ஊகிக்க வேண்டியதில்லை. கண்ணாடி போட்டு ஃபிரேம் செய்துவிடுங்கள், கை பட்டால் கரி கலைந்துவிடும்.

உண்மையான சிக்கல் வேறு. முப்பது வயது அப்பாவும் அறுபது வயது அம்மாவும் பக்கத்தில் நின்றால் பார்ப்பவர்கள் மகன் என்பார்கள்! அம்மாவின் கல்யாண ஆல்பத்தைத் தேடுங்கள். தேர்ந்தெடுக்கும் படத்தில் மூக்கின் நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்று கவனியுங்கள். அப்பாவுக்கு இடப்பக்கம், அம்மாவுக்கு வலப்பக்கம் என்றால், எவ்வளவு நன்றாக வரைந்தாலும் வெட்டி ஒட்டியது போலத்தான் இருக்கும்.

சின்னப் படத்தை 1200 டிபிஐயில் (ஸ்கேனரில் வைக்கும் நுணுக்க அளவு) ஸ்கேன் செய்து, வாட்ஸ்அப்பில் டாக்குமெண்டாக அனுப்புங்கள். போட்டோவாகப் போட்டால் சுருங்கிவிடும்.

வரைய ஆள் வேண்டுமென்றால், பெங்களூரு குமாரகிருபா ரோட்டில் இருக்கும் சித்ரகலா பரிஷத் என்ற ஓவியக் கலை நிறுவனத்தில் விசாரிக்கலாம். ஜனவரியில் அந்த ரோடு முழுக்கச் சித்திரச் சந்தை நடக்கும், ஆனால் உங்களுக்கு அதுவரை பொறுக்க முடியாதே. யாரிடம் கொடுத்தாலும் முழுப் பணத்தையும் முன்னால் தராதீர்கள். பென்சில் கோட்டிலேயே அம்மாவிடம் காட்டுங்கள். அப்பாவின் புருவம் சரியா என்று அவருக்குத்தான் தெரியும்.